நைஜீரியா சேரும் மாலைதீவு டீச்சரும்

ஓர் ஆசிரியர் வெளிநாடு போனால் நம்மூரில் ஒரு பேச்சு வரும்: "படிப்பிக்கிற தொழிலையும் காசுக்காக விட்டுட்டுப் போயிட்டார்." 2022இலிருந்து இந்தப் பேச்சு கூடுதலாகவே கேட்கிறது. ஆனால் இது நேற்றுத் தொடங்கிய பயணம் அல்ல.

முதலில் மாலைதீவு. 1960களின் தொடக்கத்தில் மாலேயின் மஜீதிய்யா, அமீனிய்யா பாடசாலைகள் ஆங்கில மொழிமூலத்துக்கு மாறின. ஆங்கிலத்தில் படிப்பிக்க அங்கு ஆளில்லை. இலங்கையிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள்.

அடுத்தது நைஜீரியா. 1973இல் எண்ணெய் விலை ஏறி அந்நாட்டுக்குப் பணம் வந்தது. 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்றார்கள். வகுப்புகள் நிறைந்தன, ஆசிரியர் போதவில்லை. இங்கோ 1977 நவம்பரில் எட்டு ரூபா சொச்சமாக இருந்த டொலர் பதினாறு ரூபாவானது. சாமான் விலை ஏறிய வேகத்துக்கு அரச சம்பளம் ஏறவில்லை. 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஊழியர் பல்லாயிரம் பேர் தொழிலையே இழந்தார்கள். அப்போது ஒரு நைரா ஒரு டொலரைவிடப் பெறுமதியானது. நம் ஆசிரியர்கள் பெட்டி கட்டியதில் என்ன ஆச்சரியம்? 1983 ஜூலைக்குப் பிறகு, பாதுகாப்புத் தேடிப் போன தமிழ் ஆசிரியர்களும் அந்தப் பாதையில் சேர்ந்தார்கள்.

போனவர்களுக்கும் நிம்மதி நிலைக்கவில்லை. எண்ணெய் விலை விழுந்தது. 1986இல் நைராவும் சரிந்தது. அதே வகுப்பு, அதே வேலை. வீட்டுக்கு வந்த காசு மட்டும் சுருங்கியது. இன்று மாலைதீவில் இருப்பவர்களுக்கும் இதே கவலைதான். சம்பளம் ருபியாவில், ஊருக்கு அனுப்ப வேண்டியது டொலரில். வங்கியில் டொலர் கிடைக்காவிட்டால் வெளியே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இதோடு சிறு தீவில் வாடகை அறை, புரியாத மொழி, ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்ற பயம். பெருநாளன்று பிள்ளைகளின் முகத்தை போனில் பார்க்க வேண்டும்.

2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. அரசே ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு தந்து, ஓய்வூதியமும் சேவை மூப்பும் பாதிக்காது என்று சொல்லி அனுப்பியது. அரசு அனுப்பிய ஆளை ஊர் ஏசுவது நியாயமா?

அதேநேரம் ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. கணித ஆசிரியர் போன இடம் வெற்றிடமாகவே கிடந்தால், நகரத்துப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எதுவும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் நட்டம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

ஆகவே போனவரின் வீட்டு வாசலில் கேள்வி கேட்பதை விடுவோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பெற்றோரும் நாமும் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்போம்: அவர் விட்டுப்போன வகுப்புக்கு யார் வருகிறார், எப்போது வருகிறார்?