ஜீப்புக்கு அடியில ஒரு குறுக்குச் சட்டம்

மாஞ்சோலை மலைப்பாதையோட கதையை நான் ஒரு ஜீப்போட அடிவயித்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு பட்டறை. "அண்ணாச்சி, ஏத்தத்துல இஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது"ன்னு பழைய பெட்ரோல் ஜீப் ஒண்ணைக் கொண்டாந்து விட்டிருந்தாங்க. கிளட்ச் பிளேட் தேய்ஞ்சிருக்கு. அண்ணாச்சி பானெட்டைத் தொடவே இல்ல. ஒரு சாக்கை விரிச்சு நேரா அடியில படுத்துட்டார்.

காரணம் இருக்கு. ஜீப்புல இஞ்சினுக்குப் பின்னாடி கிளட்ச், அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ், அதோட வாலுல நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரிச்சுக் கொடுக்குற டிரான்ஸ்ஃபர் கேஸ். பின்பக்கம் இந்த மொத்தக் கனத்தையும் தாங்குறது சேஸுக்குக் குறுக்கே போற ஒரு சட்டம். பட்டறையில அதுக்குப் பேரு கிராஸ் மெம்பர். நிறைய வண்டியில இதை ரிவெட் அடிச்சு நிரந்தரமா வச்சிருப்பாங்க. ஜீப்புல போல்ட்தான். கழட்டலாம்.

ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி இஞ்சினுக்கு முட்டுக் கொடுத்தாகணும். "கட்டை வச்சியாடே? வெறும் ஜாக்கிய வச்சா சம்ப் நசுங்கிரும்"னு உதவிக்கு நின்ன பையனை அதட்டினார். ரெண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் விடுபட்டப்புறம் கிராஸ் மெம்பர் கீழ வந்துச்சு. அடுத்து கியர்பாக்ஸை நேரா பின்னாடி இழுக்கணும். அதோட கனத்தை கிளட்ச்ல தொங்கவிட்டா பிளேட் கோணிப்போகும்.

இந்தச் சட்டம் ஏன் போல்ட்டுல இருக்கு? 1940 கோடைக்குப் போவோம். ஐரோப்பாவுல போர். அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி கேட்டுச்சு, முதல் மாதிரிக்கு கொடுத்த கெடு வெறும் 49 நாள். பாண்டம்னு ஒரு சின்ன கம்பெனிக்காக கார்ல் பிராப்ஸ்ட் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23-ம் தேதி வண்டி போய்ச் சேர்ந்துச்சு. ஆனா பெரிய ஆர்டர் எல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிடுச்சு, பாவம். ரெண்டு பேர் செஞ்ச ஜீப்பையும் எப்படி அடையாளம் காணுறது? அதுக்கும் கிராஸ் மெம்பர்தான். முன்பக்கச் சட்டம் உருளைக் குழாயா இருந்தா வில்லிஸ், கவுத்துப்போட்ட ஓடை மாதிரி இருந்தா ஃபோர்டு. கிரேன் இல்லாத இடத்துலயும் ரெண்டு மூணு பேர் சேர்ந்தா பிரிச்சு மாட்டணும்ங்குற யோசனைதான் அந்த போல்ட்டுக்குள்ள இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

போர் முடிஞ்சதும் மஹிந்திரா அதை இங்க கொண்டு வந்தாங்க. 1949-ல பம்பாய் மஸகான்ல பூட்ட ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல 1968-லயே நின்னுபோன சிஜே-3பி வடிவம் இங்க அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு.

இப்படி ஒரு வண்டி தேவைப்பட்ட மலைதான் மாஞ்சோலை. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு எஸ்டேட்டுகள். மணிமுத்தாறு அணையைத் தாண்டினா வளைவு மேல வளைவு. அங்க பாதி கிளட்ச்சை மிதிச்சு வண்டியை நிறுத்திவைக்கிற பழக்கம் இருந்தா பிளேட் கருகிடும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தணும். அந்த பிரேக் டிரம்மும் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி இருக்கு.

அந்த எஸ்டேட் ஜனங்கதான் 1999 ஜூலை 23 அன்னைக்கு கூலி கேட்டு திருநெல்வேலிக்கு ஊர்வலமா வந்தாங்க. போலீஸ் தடியடியில தாமிரபரணிக்குள்ள ஓடினாங்க. 17 பேர் செத்துப்போனாங்க. அதுல ஒரு கைக்குழந்தை. 2024-ல கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து தோட்டத்தை மூடிச்சு. தலைமுறை தலைமுறையா இலை பறிச்சவங்க கீழ இறங்க வேண்டியதாச்சு.

பட்டறையில சாயங்காலம் ஆயிடுச்சு. பழைய கியர் ஷாஃப்ட் ஒண்ணை உள்ள விட்டுப் புது பிளேட்டை நடுவாக்கி, கியர்பாக்ஸை ஏத்தி, கிராஸ் மெம்பர் போல்ட்டை முறுக்கினார். "இந்த வண்டி இனிமே மேல போகுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "வண்டி போகும்டே. செக்போஸ்ட்டுல விடணும்லா."