கோடைக் கணித முகாம்

விடுமுறையில் மாணவரைச் சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கவைத்துக் கணிதம் பயிற்றும் ஏற்பாடு. ரியூசன் வகுப்பின் நீட்சி அன்று. இங்கே பரீட்சையும் புள்ளியும் பேச்சில் இல்லை.

அமெரிக்காவில் ஆர்னல்ட் ராஸ் 1957இல் தொடங்கிய முகாம் புகழ்பெற்றது. இந்தியாவில் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்னும் கணிதப் பயிற்சி, திறன் தேடல் முகாம் கல்லூரி மாணவருக்கானது: நான்கு வாரம், மூன்று நிலைகள், தேசிய உயர்கணித வாரியத்தின் நிதி. ஆசிரியர் கேள்வி கேட்டபடியே நடத்துவார். தவறான விடையும் கரும்பலகைக்கு வரும். முகாமின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கரையில் இத்தகைய முகாமுக்கு ஏற்ற காலம் ஆகஸ்ட் விடுமுறை. டிசம்பர் விடுமுறை வடகீழ்ப் பருவமழையில் அகப்படும். சுனாமியையும் போரையும் கண்ட இவ்வூரில் 'முகாம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இடம்பெயர்ந்தோர் கொட்டகை. 'கணிதப் பட்டறை' என்று அழைப்பது நல்லது. பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் முக்கோணங்கள் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் 'யாழ் நூல்' (1947) நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்குமான விகிதங்களைக் கணக்கிடுகிறது. பின்னம் கற்பிக்க இதைவிட இனிய வழி அரிது.