இடப்பக்கத் தாழ்ப்பாள்

குப்புறப் படுத்து முதல் தோட்டாவைச் சுட்டேன். அடுத்ததை ஏற்ற என் இடது கை விசையை விட்டு எழும்பி, துப்பாக்கியின் முதுகைத் தாண்டி வலப்பக்கம் இறங்கியது. அங்கே போல்ட் இல்லை. வழவழவென்று வெறும் இரும்பு. பின்னால் நின்ற அண்ணன் சிரித்துவிட்டார். "தம்பி, அது இப்ப உன் பக்கம் இருக்கு!"

ஜொகூரில் நான் சுடப் போகும் சங்கத்துக்கு வந்த முதல் இடக்கைத் துப்பாக்கி அது. பாயின்ட் டுவென்ட்டி டூ, 50 மீட்டர் குறிக்கானது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிற நாட்டில் புதுத் துப்பாக்கி ஒன்று சங்கத்துக்கு வருவதே விசேஷம். நொட்டாங்கைக்கென்று ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை. என் ஆயா இருந்திருந்தால், "துப்பாக்கிகூடவா பீச்சாங்கைக்குச் செய்யுறான்?" என்று கேட்டிருப்பார்.

போல்ட் என்பது வேறொன்றுமில்லை, கதவுத் தாழ்ப்பாள்தான். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். இதைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்த யோகான் டிரைசே, ஜெர்மனியின் சொமர்டா ஊரில் பூட்டுச் செய்பவரின் மகன் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவருடைய 'ஊசித் துப்பாக்கி'யைப் பிரஷ்யா 1841இல் ஏற்றுக்கொண்டது. 1866இல் கோனிக்கிரேட்ஸ் போரில் ஆஸ்திரியர்கள் குழல் வாய்வழியாக மருந்து திணித்துக்கொண்டிருக்க, பிரஷ்யச் சிப்பாய்கள் படுத்தபடியே ஏற்றிச் சுட்டார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் எல்லாருக்கும் தாழ்ப்பாள் தேவைப்பட்டது.

தாழ்ப்பாளை எந்தப் பக்கம் வைப்பது? யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் சோற்றுக்கையர்கள். போதாததற்கு, வரிசையில் நிற்கும் பட்டாளத்தில் எல்லார் முழங்கையும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஆகவே வலப்பக்கம். பத்தாவது ஆளைப் பழக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைத்த போல்ட்டைக் கொண்டு 1895இல் வந்தது லீ என்ஃபீல்டு, நம் ஆட்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் துப்பாக்கி. பிடி விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் வலக்கையர் தோளிலிருந்து கட்டையை எடுக்காமலே படபடவென்று சுடலாம். நிமிடத்துக்குக் குறி பார்த்து 15 குண்டு என்பது பிரிட்டிஷ் பட்டாளத்தின் பயிற்சிக் கணக்கு. இடக்கையருக்கு இந்த வசதியே எதிரி. கன்னத்தைக் கட்டையின் வலப்பக்கம் வைக்க வேண்டும். கை குறுக்கே தாண்ட வேண்டும். சூடான கூடு மூக்குக்கு முன்னால் பறக்கும்.

அதன் குட்டி வடிவமான 'ஜங்கிள் கார்பைன்' 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் திரிந்தது. கோத்தா திங்கியில் பிரிட்டிஷார் காட்டுப்போர்ப் பள்ளியே நடத்தினார்கள். சுமக்க லேசு, ஆனால் உதை பலம். போதாக்குறைக்கு இன்று சரிசெய்த குறி நாளைக்கு நகர்ந்திருக்கும் என்ற கெட்ட பெயர் வேறு. அதிலும் போல்ட் வலப்பக்கம்தான்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன், "கையை மாத்திப் பழகிக்கலாம் தம்பி, நான் பழகலையா?" என்பார். உடனே ஹங்கேரியின் காரோலி டாக்காச்சை இழுப்பார். 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை போன மனிதர் அவர். இடது கையால் பழகி 1948, 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். உண்மைதான். ஆனால் அது கைத்துப்பாக்கி. கையை நீட்டிப் பிடிப்பதால் எந்தக் கண்ணாலும் குறி பார்க்கலாம். நீளத் துப்பாக்கியில் கன்னம் கட்டையில் ஒட்டியாக வேண்டும். வலது தோள் என்றால் வலது கண்தான். என் இடது கண் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

அப்பாவும் நொட்டாங்கைக்காரர்தான், தோட்டத்தில் பால்மரம் சீவினார். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரியும் வெட்டுதான் குழாய்களை அதிகமாக அறுக்கும். உளியும் அதற்கேற்ப இருக்கும். அப்பா சோற்றுக்கையைப் பழக்கிக்கொண்டார். மரத்தோடு வழக்காட முடியாது. துப்பாக்கியில் அந்தப் பக்கத்தை வைத்தது மனிதன்தானே!

அதை மாற்றி வைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. பணக்கார வேட்டைக்காரர்கள் கைத்தொழிலாளரிடம் தனியாகச் செய்து வாங்கியிருக்கலாம், மற்றவர்களுக்கு வழியில்லை. அமெரிக்காவின் சேவேஜ் கம்பெனிக்காக நிக்கலஸ் புரூவர் வடிவமைத்த '110' மாதிரி 1958இல் வந்தது. புரூவர் குழலை ஒரு மரையால் இறுக்கிப் பொருத்தினார். பழைய முறையில் ஆள் உட்கார்ந்து ராவிச் சரிபார்த்த வேலை அதனால் மிச்சமானது. செலவு குறைந்த வடிவம் என்பதால் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போல இன்னொன்று செய்யத் துணிவு வந்தது. 1959இல் இடக்கை 110 கடைக்கு வந்துவிட்டது. சிப்பாயாக இருந்தவரை நொட்டாங்கையனுக்கு வாயில்லை. காசு கொடுத்து வாங்குகிறவன் ஆனதும் அவனுக்கும் ஒரு பக்கம் கிடைத்தது. பந்தயத் துப்பாக்கிக்குப் பேர்போன ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் இன்று இடக்கை மாதிரிகளை வரிசையாகவே விற்கிறது.

சுடுதளத்துக்கு வருவோம். முதல் 5 குண்டும் கீழே, இடப்பக்கமாக ஒட்டி விழுந்தன. பின்சைட்டைச் சில கிளிக் திருப்பினேன். 50 மீட்டர் தாளில் பத்தாம் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அடுத்த ஐந்தில் இரண்டு அதைத் தொட்டன. அந்த இரண்டும், கை பழைய ஞாபகத்தில் குறுக்கே பாயாமல் ஏற்றிய தோட்டாக்கள். மற்ற மூன்றுக்கும் முன்னால் என் கை ஒரு முறை வெறும் இரும்பைத் தடவிவிட்டு வந்தது.

சங்கத்தில் சேரப் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து, தூரத்து விளக்குக் கம்பத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் மறைந்தே இருக்கிறதோ, அதுதான் உங்கள் கண். அது இடது என்றால், முதல் நாளே வாய்விட்டு இடக்கைத் துப்பாக்கி கேளுங்கள்.