டார்வினும் பைபிளும் – ஒரு டீச்சர் போட்ட வழக்கு

பரிணாமக் கொள்கைக்கும் மதத்துக்கும் நடந்த சண்டை என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது 1925-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த "குரங்கு வழக்கு"தான். ஒரு பக்கம் பைபிள், இன்னொரு பக்கம் டார்வின், நடுவில் ஒரு இளம் வாத்தியார். ஆனால் அந்த வாத்தியார் ஜான் ஸ்கோப்ஸ் நிரந்தர உயிரியல் ஆசிரியரே கிடையாது! டேட்டன் என்ற சிறிய ஊரில் கால்பந்து கோச். உயிரியல் ஆசிரியர் வராதபோது கொஞ்ச நாள் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். சட்டத்தைச் சோதிக்க ஒரு வழக்கு வேண்டும், அப்படியே ஊருக்கும் நல்ல விளம்பரம் கிடைக்கும் என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். 100 டாலர் அபராதம் விழுந்தது. 1927-ல் அதுவும் ரத்தானது. சட்டம் தப்பு என்பதற்காக அல்ல, 50 டாலருக்கு மேல் அபராதம் என்றால் ஜூரிதான் விதிக்க வேண்டும், இங்கே நீதிபதி விதித்துவிட்டார் என்பதற்காக. சட்டம் மட்டும் 1967 வரை பத்திரமாக இருந்தது.

இந்த வழக்கின் புகழில் ஒரு கேள்வி காணாமல் போய்விட்டது. வகுப்பில் தினமும் பாடம் நடத்தும் ஆசிரியருக்கே கடவுள் நம்பிக்கை இருந்தால் அவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் தேட பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவுக்குப் போக வேண்டும்.

ஆர்கன்சாவில் 1928-ல் இந்தத் தடையைக் கொண்டுவந்தது சட்டசபை அல்ல, மக்களே. நேரடி வாக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் பேர் ஆதரவு, 63 ஆயிரம் பேர் எதிர்ப்பு. மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தாலும் குற்றம், அப்படிச் சொல்லும் பாடப்புத்தகத்தைப் பயன்படுத்தினாலும் குற்றம். அபராதத்தோடு வேலையும் போகும். ஆனால் இந்தச் சட்டத்தில் யார்மீதும் வழக்குப் போட்டதாகப் பதிவே இல்லை. தேவைப்படவும் இல்லை. புத்தகத்தில் அந்த அத்தியாயமே இல்லாதபோது எதை நடத்துவது?

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு நிலைமை மாறியது. அமெரிக்க அரசு அறிவியல் பாடங்களைத் திருத்தி எழுதப் பணத்தைக் கொட்டியது. புது உயிரியல் புத்தகங்களில் டார்வின் திரும்பி வந்தார். 1965-ல் லிட்டில் ராக் நகரத்தின் உயிரியல் ஆசிரியர்களே அப்படி ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தார்கள், நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது. மாட்டிக்கொண்டவர் சென்ட்ரல் ஹைஸ்கூல் டீச்சர் சூசன் எப்பர்சன். (1957-ல் ஒன்பது கறுப்பின மாணவர்களை ராணுவப் பாதுகாப்போடு உள்ளே அழைத்துப் போனார்களே, அதே பள்ளிதான்.) புத்தகத்தை நடத்தினால் சட்டப்படி குற்றம், நடத்தாவிட்டால் நிர்வாகத்தின் உத்தரவை மீறியதாகும்.

எப்பர்சனுக்கு அப்போது 24 வயது. ஆர்கன்சாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பிரெஸ்பிட்டேரியன் சர்ச்சைச் சேர்ந்த, நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான், அதோடு சர்ச் சார்ந்த ஒரு கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். கடவுளும் பரிணாமமும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்து வளர்ந்த பெண். மாநில ஆசிரியர் சங்கம் வழக்குப் போட ஆள் தேடியபோது இவர் முன்வந்தார். இவரை நாத்திகர் என்றோ வெளியூர்க்காரர் என்றோ யாரும் ஒதுக்கித்தள்ள முடியாது. சங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விசாரணை 1966 ஏப்ரல் 1-ம் தேதி (ஆமாம், முட்டாள்கள் தினம்தான்!) சில மணி நேரத்தில் முடிந்தது. அந்த நீதிபதி சட்டம் செல்லாது என்றார். 1967-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பின் நீளம் வெறும் இரண்டு வாக்கியம்! பரிணாமம் என்று ஒன்று இருக்கிறது என விளக்குவதே குற்றமா, அது உண்மை என்று சொன்னால்தான் குற்றமா என்பதைக்கூட அது தெளிவாக்கவில்லை. ஒரு ஆசிரியர் கரும்பலகை முன்னால் நின்று எந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. 1968 நவம்பர் 12-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தச் சட்டத்தை ஒருமனதாகத் தூக்கி எறிந்தார்கள். ஒரு குறிப்பிட்ட மதப் பிரிவின் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒரு பாடத்தை அரசு தடுக்க முடியாது என்பது சாரம். முதன்மைத் தீர்ப்பை எழுதிய ஏப் ஃபோர்ட்டஸ், டென்னசியில் பிறந்து வளர்ந்தவர்.

இதே கதை 2005-ல் பென்சில்வேனியாவின் டோவரில் தலைகீழாக நடந்தது. உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்ற கருத்தை டார்வினுக்கு மாற்றாக அறிமுகப்படுத்தும் ஒரு குறிப்பை உயிரியல் வகுப்பில் வாசிக்கச் சொன்னது பள்ளி வாரியம். ஆசிரியர்கள் மறுத்தார்கள். பாடத்தைத் தெரிந்தே திரித்துச் சொல்லக்கூடாது என்ற தொழில் நெறியைத்தான் காரணமாகக் காட்டினார்கள். கடைசியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசிக்க வேண்டியதாயிற்று. அங்கும் நீதிமன்றப் படியேறியவர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குப் பைபிள் சொல்லிக்கொடுப்பவர்கள்கூட. 2005 டிசம்பரில் அவர்கள் ஜெயித்தார்கள்.

கோர்ட்டில் ஜெயித்தது சரி, வகுப்பறையில்? பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெர்க்மனும் பிளட்சரும் 2007-ல் 926 உயிரியல் ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பரிணாமத்தைத் தயங்காமல் முறையாக நடத்தியவர்கள் சுமார் 28 சதவீதம். படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரித்தவர்கள் 13 சதவீதம். மிச்சம் 60 சதவீதம் பேர் நடுவில்! நுண்ணளவு மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வது, "நம்ப வேண்டாம், பரீட்சைக்காகப் படித்துக்கொள்" என்று சொல்லிவிடுவது, எல்லாக் கருத்தையும் சொல்லி முடிவை மாணவனிடமே விட்டுவிடுவது என்று விதவிதமாக நழுவினார்கள். எல்லோருக்கும் காரணம் பக்தி இல்லை. பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்ற பயம் சிலருக்கு. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குத் தங்களுக்கே பாடம் தெரியாது என்ற பயம் வேறு சிலருக்கு. கல்லூரியில் பரிணாமத்தை ஒரு தனிப்பாடமாகப் படித்திருந்தவர்கள்தான் ஓரளவு துணிந்து நடத்தினார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.