கர்ப்பகாலப் பரிசோதனை: தமிழ்நாட்டுப் பெண்கள் கடந்து வந்த தடைகள்

கருவுற்ற பெண்ணைப் பிரசவத்துக்கு முன்பே மாதந்தோறும் பரிசோதிக்கும் முறை நூறாண்டுப் பழமை கொண்டதுதான். எடின்பரோ மருத்துவர் பாலன்டைன் 1901-இல் கர்ப்பிணிகளுக்கென்றே தனி மருத்துவ வசதி வேண்டும் என்று எழுதினார். 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் எந்தெந்த வாரத்தில் பரிசோதிக்க வேண்டும் என்று அட்டவணை வகுத்தது. இந்த முறை வருவதற்கு முன்பு மருத்துவம் பெரும்பாலும் பிரசவ வலி கண்ட பிறகே தொடங்கியது. இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றப் பல தடைகள் ஒவ்வொன்றாக விலக வேண்டியிருந்தது.

முதல் தடை, மருத்துவர் ஆணாக இருந்தது. சென்னையில் 1844-லேயே பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் எழும்பூருக்கு வந்தது. ஆனால் கோஷா (திரைமறைவு) முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவர் தங்களைத் தொடுவதை ஏற்கவில்லை. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற, அங்கிருந்த அமெரிக்க மிஷனரி ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது மூவரும் மறுத்துவிட்டார்கள். அந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் பணி தொடங்கியதற்கும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அங்கே நிறுவியதற்கும் அந்த இரவே காரணம். சென்னையில் மருத்துவர் மேரி ஷார்லீப் 1885-இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரியும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். அங்கே மருத்துவரும் செவிலியரும் பெண்கள் என்பதே வீட்டுப் பெண்களை வாசல் தாண்ட வைத்தது.

இரண்டாவது தடை, வழக்கம். கிராமத்தில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. அவர் ஊர்க்காரர், கூப்பிட்ட நேரத்துக்கு வருபவர், நெல்லோ புடவையோ கூலியாகப் பெற்றுக்கொள்பவர். ஆனால் அவரை வலி எடுத்த பிறகே அழைப்பார்கள். அதற்கு முந்தைய மாதங்களைக் கவனிக்கும் பொறுப்பு மாமியாருக்கும் தாய்க்கும் உரியது. கண்ணேறு படும் என்று முதல் மூன்று மாதம் வெளியே சொல்லாமல் இருப்பது, பப்பாளி, எள் போன்றவற்றைத் தவிர்ப்பது, வயிற்றுப் பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று சாப்பாட்டைக் குறைப்பது ஆகியவை பல வீடுகளின் நடைமுறை. மாதக் கணக்குக்கென ஒரு சடங்கு இருந்தது, அது வளைகாப்பு. அதன்பின் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். ஓர் ஊரில் தொடங்கிய கவனிப்பு இன்னோர் ஊரில் தொடராமல் போகும் சிக்கலும் இங்கிருந்தே வந்தது.

மூன்றாவது தடை, தூரமும் கூலியும். ஆஸ்பத்திரி பட்டணத்தில் இருந்தது. பஸ் ஏறிப் போய்வர ஒரு நாள் ஆகும். அன்றைய கூலி போய்விடும். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது எதற்குப் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்வது கடினம். இத்தகைய தடைகளுக்கு இடையே, பிரசவத்தாலும் அதைச் சார்ந்த காரணங்களாலும் இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் பெண்கள் இறப்பதாக 1946-இல் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு மதிப்பிட்டது.

வழக்கம், தூரம் ஆகிய தடைகளை உடைத்தவர் கிராம சுகாதார செவிலியர். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் துணை சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்ட இவரை ஊர் ‘நர்சம்மா’ என்று அழைத்தது. யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவர் பதிவேட்டில் ஏறிவிடும். எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், டி.டி. ஊசி போடுவார், வயிற்றில் கைவைத்துக் குழந்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவிப் பார்த்து, குழலை வைத்து இதயத்துடிப்பு கேட்பார். கூடவே மாமியாரிடமும் பேசுவார். சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற அச்சத்தைத் தீர்த்தது எந்தச் சுவரொட்டியும் அல்ல, திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசிய பேச்சு.

கூலி இழப்புக்கு ஈடாக வந்தது டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி. சில நூறு ரூபாயில் தொடங்கிய இந்த உதவி 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. பணம் தவணைகளாக வருகிறது. 12 வாரத்துக்குள் பதிவு, தொடர் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி எனத் தவணைகளுக்கு நிபந்தனைகள் வைக்கப்பட்டன. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008-இல் வந்த 108 ஆம்புலன்சும் தூரத்தைக் குறைத்தன. பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதித்தது அச்சத்தைக் குறைத்தது. வளைகாப்பையும் அரசு துணைக்கு அழைத்துக்கொண்டது. கர்ப்பிணிகளை ஒன்றாக உட்கார வைத்து, வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலவை சாதம் பரிமாறும் சமுதாய வளைகாப்பு, பரிசோதனைக்கு வருவதைக் குடும்பத்துக்குப் பெருமை தரும் காரியமாக்கியது.

பலன் தேசிய குடும்ப நல ஆய்வுகளில் தெரிகிறது. 1992-93-இல் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பிரசவங்களே மருத்துவமனையில் நடந்தன. 2019-21-இல் அது 99 சதவீதத்தைத் தாண்டியது. நான்கு முறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் நான்கில் மூன்று பங்கை ஒட்டியே இருந்தார்கள். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகையும் இருந்தது.

கருவுற்ற பெண் பரிசோதனைக்கு வருவதும் வராததும் அவளுடைய அறியாமையைப் பொறுத்தது என்று சொல்வதை இந்த வரலாறு மறுக்கிறது. பெண் மருத்துவர், அருகில் நிலையம், கைக்குப் பணம், வீடு தேடி வரும் செவிலியர் என ஒவ்வொன்றும் கிடைத்தபோது பெண்கள் தயங்காமல் வந்தார்கள். எஞ்சியிருக்கும் குறையும் அதே வழியில்தான் தீரும். வேலை தேடிக் குடும்பத்தோடு ஊர் மாறி வரும் செங்கல் சூளைப் பெண்ணையும் கட்டடத் தொழிலாளியையும் பதிவேட்டில் சேர்ப்பதும், கிராம சுகாதார செவிலியர் பணியிடம் எதையும் காலியாக விடாமல் நிரப்புவதும் அரசு இனி செய்ய வேண்டிய வேலை.