மணலில் எழுதிய பிள்ளைகள்

டோர்செட் பார்க்கில், புதிதாய் வந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே இரைச்சல். ஒருநாள், ஆகக் குழப்படி செய்த பையனிடமே சின்னவர்களை ஒப்படைத்தேன். வகுப்பு அடங்கியது!

என் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். இல்லை. எங்கள் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது.

சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஸ்கொட்லாந்துக்காரர் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தன் பள்ளியிலும் மணல் பரப்பி, தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளைக்கு ஆசிரியராக்கினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தில் பரவி, கனடாவின் நியூ பிரன்சுவிக்கிலும் கால்பதித்தது.

பெல்லின் பெயர் நிலைத்தது. மணலில் எழுதிய அந்த உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயர்கள் நமக்கு மிஞ்சவில்லை. அதனால்தான் ஒவ்வொரு சனியும் எங்கள் சட்டாம்பிள்ளையின் பெயரைப் பலகையில் முதலில் எழுதுகிறேன்.