ஓடுபாதைக் கணக்கும் ஓர் இலக்கப் பிழையும்

விமானம் ஓடத் தொடங்கும் முன்பே அதன் ஓட்டம் கணக்கிடப்பட்டுவிடுகிறது. எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைக் கொண்டு மூன்று வேகங்கள் வகுக்கப்படுகின்றன. வி1 வேகத்தைக் கடந்தபின் ஓட்டத்தைக் கைவிட்டால், பாதைக்குள் நிற்க இடம் போதாமல் போகலாம். வி.ஆர். என்பது மூக்கை உயர்த்தும் வேகம். ஓர் என்ஜின் நின்றாலும் மேலேற உதவுவது வி2. என்ஜின் தேய்மானத்தைக் குறைக்க, முழு உந்துவிசைக்குப் பதிலாக அந்த எடைக்குப் போதுமான விசையைப் பயன்படுத்துவதும் வழக்கம். ஆகவே எடை குறைவாகப் பதிவானால் வேகம், விசை இரண்டுமே குறைகின்றன.

2003 மார்ச் 12 அன்று ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 747 விமானத்துக்கு நேர்ந்தது இதுவே. 347.4 டன் எடை கணக்கில் 247.4 டன்னாக மாறியது. 163 நாட் வேகத்தில் உயர வேண்டிய மூக்கு 130 நாட் வேகத்திலேயே உயர்த்தப்பட்டது. வால் ஓடுபாதையில் உரசியது. விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது.

மறு ஆண்டு அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸின் சரக்கு விமானம் தப்பவில்லை. அதன் எடை ஏறத்தாழ 353 டன். மடிக்கணினிக் கணக்கிலோ, முந்தைய புறப்பாட்டுக்கு உரிய 240 டன் எடை இடம்பெற்றிருந்தது. பாதைக்கு அப்பாலிருந்த மண்மேட்டில் வால் மோதி முறிந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். நீண்ட பணிநேரத்தின் களைப்பையும் விசாரணை சுட்டியது. புறப்பாட்டின்போது வேகம் கூடும் விதத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவி வேண்டும் எனக் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.

2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340 விமானத்துக்கு 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் பதிவானது. வால் உரச, ஓடுபாதையின் முடிவையும் தாண்டி ஓடிய பின்னரே அது எழும்பியது. கடைசி நேரத்தில் முழு விசை கொடுக்கப்பட்டதால் 275 பேரும் உயிர் தப்பினர்.

எடை சரியாக இருந்தும் ஆபத்து வரலாம் என்பதை 2017 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் காட்டியது. அங்கு ஒரு போயிங் 737 விமானத்தின் கணினியில் வெளி வெப்பநிலை மைனஸ் 52 டிகிரி எனப் பதிவானதால் விசை மிகவும் குறைந்தது. விமானம் பாதைக்கு அப்பாலிருந்த விளக்கு ஒன்றில் இடித்துக்கொண்டே மேலேறியது.

காகித அட்டவணை போய்க் கணினி வந்தபின்னும் பிழை நீடித்ததற்குக் காரணம் உண்டு. கணினி, கொடுத்த எண்ணை நம்பிச் சரியாகவே கணக்கிடுகிறது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் தன் எடையைத் தானே அளக்கும் கருவியும் இல்லை. இரு விமானிகளும் ஒரே தவறான எண்ணைப் பார்த்துச் சரிபார்த்தால் அந்தச் சோதனைக்குப் பயனில்லை. எனவே இருவரும் தனித்தனியே கணக்கிட்டு விடைகளை ஒப்பிடும் முறை வலியுறுத்தப்படுகிறது. பொருந்தாத எண்களைச் சுட்டும் மென்பொருளும் வந்துள்ளது. எதிர்பார்த்த அளவுக்கு வேகம் கூடாவிட்டால் எச்சரிக்கும் வசதியை ஏர்பஸ் நிறுவனம் தன் ஏ350 விமானத்தில் அறிமுகப்படுத்தியது.